எட்டாவது மூவுக்கு அப்புறம் ஒரு காய் கூட வெட்டல: லண்டன் 2000, முதல் ஆட்டம்

பிப்ரவரி 4, மாலை: கேள்வி

லண்டன்ல நடந்த காஸ்பரோவ் – கிராம்னிக் 2000 உலக செஸ் சாம்பியன்ஷிப்போட முதல் ஆட்டத்த இப்பதான் முழுசா ஓட்டிப் பார்த்தேன். மொத்தமே 25 மூவ். எட்டாவது மூவ்ல ராணி ரெண்டும் போச்சு, அதுக்கப்புறம் ஒரு காய் வெட்டல, ஒரு செக் இல்ல. கறுப்பு குதிரை எஃப்5 கட்டத்துல (எஃப் வரிசை, 5வது கட்டம்) இருந்து கிளம்பி எங்கெங்கயோ போயிட்டு திரும்ப எஃப்5லயே வந்து உக்காருது, ரெண்டு பேரும் டிரான்னு கை குடுத்துட்டாங்க. இதையா முக்கியமான ஆட்டம்னு சொல்றாங்க? நேரத்த கடத்திட்டு எழுந்து போயிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 4, இரவு

நீங்க சொன்ன விவரம் எல்லாம் சரி, முடிவுதான் சரியில்ல. அந்த குதிரை சுத்துனதுலதான் ஆட்டமே இருக்கு. இன்னிக்கு நேரமில்ல, நாளைக்கு போர்டு வெச்சுட்டு எழுதறேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணு பண்ணுங்க. 12வது மூவ்ல வெள்ளை எச்3 தள்ளுது இல்லையா, அங்க நிறுத்திட்டு, வெள்ளைக்கு தொடர்ந்து ரெண்டு மூவ் குடுத்தா என்ன ஆடும்னு பாருங்க.

பிப்ரவரி 5

சரி, முதல்ல மூவ் எல்லாத்தையும் ஒரு இடத்துல போட்டுடறேன், தேடிட்டு ஓட வேண்டாம். வெள்ளை காஸ்பரோவ், கறுப்பு கிராம்னிக். ஒவ்வொரு மூவுலயும் முதல்ல வெள்ளை, அப்புறம் கறுப்பு; காய் பேர் இல்லாம கட்டம் மட்டும் இருந்தா அது சிப்பாய் மூவ்.

ரெண்டு பக்கமும் ராஜா முன்னாடி சிப்பாய் இ4, இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் பி5, குதிரை எஃப்6. வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகர்த்தறது), கறுப்பு குதிரை இ4 சிப்பாய வெட்டுது. டி4, குதிரை டி6. பிஷப் சி6 குதிரைய வெட்டுது, டி சிப்பாய் திருப்பி வெட்டுது. டி சிப்பாய் இ5ஐ வெட்டுது, கறுப்பு குதிரை எஃப்5. ராணி டி8ல ராணிய வெட்டி செக், ராஜா வெட்டுது. எட்டு மூவ் முடிஞ்சது, இதுதான் பெர்லின் எண்ட்கேம், அதாவது பெர்லின்ங்கற ஓபனிங்ல ராணி ரெண்டும் போனதும் வர்ற கடைசிக்கட்ட ஆட்டம். அப்புறம் 9. குதிரை சி3, பிஷப் டி7. 10. பி3, எச்6. 11. பிஷப் பி2, ராஜா சி8. 12. எச்3, பி6. 13. ஏ1 யானை டி1, குதிரை இ7. 14. குதிரை இ2, குதிரை ஜி6. 15. எஃப்3 குதிரை இ1, எச்5. 16. குதிரை டி3, சி5. 17. சி4, ஏ5. 18. ஏ4, எச்4. 19. குதிரை சி3, பிஷப் இ6. 20. குதிரை டி5, ராஜா பி7. 21. குதிரை இ3, யானை எச்5. 22. பிஷப் சி3, இன்னொரு யானை இ8. 23. யானை டி2, ராஜா சி8. 24. எஃப்4, குதிரை இ7. 25. குதிரை எஃப்2, குதிரை எஃப்5. டிரா.

இப்ப முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது சிப்பாய் கணக்கு. எட்டு மூவ் முடிஞ்சப்ப வெள்ளைக்கு ராஜா பக்கம் நாலு சிப்பாய் (இ, எஃப், ஜி, எச்), கறுப்புக்கு அங்க மூணுதான். ராணி பக்கம் கறுப்புக்கு நாலு, வெள்ளைக்கு மூணு, ஆனா கறுப்போட நாலுல ரெண்டு சி வரிசையிலயே ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்குது, அதனால அந்த நாலு சேர்ந்து ஒரு தனி சிப்பாய தள்ளி விடறது ரொம்ப கஷ்டம். எல்லா காயும் போயி வெறும் ராஜா சிப்பாய் எண்ட்கேமா ஆயிட்டா பொதுவா வெள்ளை ஜெயிக்கும். கறுப்போட கையில இருக்கறது ரெண்டு பிஷப்பும். கேஸ்லிங் உரிமை வேற போச்சு. இந்த மாதிரி ஒரு நிலைய, அதுவும் அந்த நேரத்து காஸ்பரோவுக்கு எதிரா, தானா தேடிப்போயி எடுத்துக்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. 1985ல இருந்து சாம்பியனா இருக்கறவரு, எதிர்ல ராணி இருந்தா முதல் இருபது மூவுலயே ஆள தூக்கிடுவாரு. கிராம்னிக் ராணிய எடுத்துட்டு, உங்க 4க்கு 3 சிப்பாய் மெஜாரிட்டிய வெச்சு ஜெயிச்சுக் காட்டுங்கன்னு உக்காந்துட்டாரு.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழிச்சு

குதிரை விஷயம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஏழாவது மூவ்ல கறுப்பு குதிரை எஃப்5ல உக்காருது. நல்ல இடம். ஆனா அங்க நிலையா இருக்க முடியாது, ஏன்னா வெள்ளை எச்3 போட்டு அப்புறம் ஜி4 தள்ளினா குதிரை ஓடணும், வெள்ளைக்கு சும்மா ஒரு மூவ் லாபம், சிப்பாயும் முன்னேறிடும். 12வது மூவ்ல எச்3 வந்துடுச்சு. விரட்டற வரைக்கும் கிராம்னிக் காத்திருக்கல, அடுத்த மூவுலயே குதிரைய இ7 வழியா ஜி6க்கு கொண்டு போறாரு, அங்க இருந்து அது இ5 சிப்பாய அடிக்குது. வெள்ளை இ5ஐ காக்க குதிரைய இ1, டி3னு சுத்திக் கொண்டு வருது. அந்த இடைவெளியில கறுப்பு எச்5, அப்புறம் எச்4. இப்ப ஜி4 தள்ளினா எச்4 சிப்பாய் என்-பாசன்ட்ல (ரெண்டு கட்டம் தாண்டி பக்கத்துல வந்த சிப்பாய உடனே வெட்டற விதி) வெட்டிடும், எச்3 சிப்பாய் எச்5ல நிக்கற யானைக்கு முன்னாடி அநாதையா நிக்கும். அதாவது ஜி4ங்கற மூவே போர்டுல இருந்து காணாம போயிடுச்சு. அது போனதுக்கு அப்புறம்தான் குதிரை திரும்ப எஃப்5க்கு வருது. முதல் தடவை அந்த கட்டம் அதுக்கு வாடகை வீடு, ரெண்டாவது தடவை வரும்போது சொந்த வீடு.

போர்டுல குதிரை அதே கட்டத்துலதான் நிக்குது, ஆனா நடுவுல போன 18 மூவும் அந்த கட்டத்த தன்னோடதா ஆக்கிக்கறதுக்காகத்தான் போயிருக்கு. ஆட்டத்த வேகமா ஓட்டினா இது கண்ணுல படாது, ஒவ்வொரு மூவும் எதை நிறுத்துதுன்னு கேட்டாதான் தெரியும்.

பிப்ரவரி 6

மேல ஒருத்தர் கேட்டிருக்காரு, 24வது மூவ்ல குதிரை ஏன் ஜி6ல இருந்து பின்வாங்கணும், அங்கயே இருந்து இ5ஐ அடிச்சுட்டே இருக்கலாமேன்னு. இருக்க முடியாது. வெள்ளை எஃப்4 தள்ளினதே எஃப்5க்காகத்தான். எஃப்5 வந்தா இ6 பிஷப்பும் ஜி6 குதிரையும் ஒரே சிப்பாய்கிட்ட மாட்டிக்கும். பிஷப்பால வெட்டினா குதிரை வெட்டும், யானையால குதிரைய வெட்டினா எஃப்1 யானை வெட்டும், கணக்கு போட்டுப் பாருங்க, கறுப்பு நஷ்டத்துல முடியும். குதிரை இ7க்கு போனதும் எஃப்5ங்கற கட்டத்த கறுப்பு மூணு காயால பார்க்குது (பிஷப், குதிரை, எச்5 யானை), வெள்ளை ரெண்டால (இ3 குதிரை, எஃப்1 யானை). மூணுக்கு ரெண்டு, தள்ளினா சிப்பாய் போகும். ஒரே ஒரு பின்வாங்கற மூவ், வெள்ளையோட முழு திட்டமும் நின்னு போச்சு.

அதே மாதிரி 23வது மூவ்ல ராஜா பி7ல இருந்து சி8க்கு வந்தது. நிறைய பேர் அதை சும்மா காத்திருக்கற மூவ்னு நினைக்கறாங்க. யானை டி2க்கு வந்துடுச்சு, அடுத்தது இன்னொரு யானைய டி1ல வெச்சு டி வரிசைய முழுசா பிடிக்கும். ராஜா சி8ல இருந்தா டி7, டி8 ரெண்டையும் பார்க்குது. டி7க்கு பிஷப் துணை, டி8க்கு இ8 யானை துணை. டி வரிசை வெள்ளைக்குத்தான், ஆனா உள்ள நுழைய ஒரு கட்டம் கூட கிடையாது.

20வது மூவ் பத்தியும் சொல்லிடறேன். வெள்ளை குதிரை டி5ல வந்து நிக்குது, வெட்டுன்னு கூப்பிடற மாதிரி. பிஷப்பால வெட்டினா சி சிப்பாய் திருப்பி வெட்டும், டி5, இ5ல ரெண்டு வெள்ளை சிப்பாய் ஜோடியா நிக்கும், கறுப்போட பிஷப் ஜோடியும் போயிடும். அந்த ஜோடிதான் கறுப்போட ஒரே சொத்து. அதனால ராஜாவ பி7ல வெச்சு சி7ஐ காத்துட்டு வெட்டாம விடறாரு. காய் வெட்டலன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தமில்ல, ஒவ்வொரு வெட்டும் யாருக்கு லாபம்னு ரெண்டு பேரும் கணக்கு போட்டு வேண்டாம்னு விட்டிருக்காங்க.

பிப்ரவரி 6, இரவு

இன்னொண்ணு கவனிச்சீங்களா, கறுப்போட எஃப்8 பிஷப் 25 மூவ்லயும் ஒரு தடவை கூட நகரல. ஆரம்பத்துல இருந்த இடத்துலயே இருக்கு. சின்னப் பசங்களுக்கு சொல்லித்தரும்போது எல்லா காயையும் வெளிய கொண்டு வான்னு சொல்றோம், அது சரிதான், ஆனா இங்க அந்த பிஷப் எஃப்8ல இருந்தே சி5 வரைக்கும் இருக்கற மூலைவிட்டத்த பார்க்குது, அது நகர அவசரமே இல்ல. ராஜா, குதிரை, எச் சிப்பாய், இந்த மூணுக்குத்தான் அவசர வேலை இருந்தது.

பிப்ரவரி 9

நானும் என் நண்பரும் இந்த கடைசி நிலைய போர்டுல வெச்சு மாத்தி மாத்தி ஆடிப் பார்த்தோம். அவரு என்னை விட பலமான ஆட்டக்காரர். வெள்ளை எடுத்தப்ப எனக்கு எல்லா மூவும் இருக்கற மாதிரி தெரிஞ்சது, ஆனா எதை ஆடினாலும் கொஞ்ச நேரத்துல நானா ஏதாவது ஒரு கட்டத்த விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கறுப்பு எடுத்தப்ப நேர்மாறா, ஆட ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா மோசமாவே ஆகாது. செஸ் ஆடற கம்ப்யூட்டர் என்ஜின் யாரு மேல இருக்காங்கன்னு ஒரு எண்ண காட்டும், இந்த உணர்வ அது காட்டாது, அதுக்கு போர்டு முன்னாடி உக்காரணும். கேள்வி கேட்டவர்கிட்ட உண்மையா சொல்றேன், டிரா ஆட்டத்த பார்க்காதீங்க, முடிஞ்ச இடத்துல இருந்து ஆடுங்க. ஏன் கை குடுத்தாங்கன்னு அப்பதான் தெரியும்.

பிப்ரவரி 10

அப்ப எல்லா டிராவும் நல்ல டிராவான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. கண்டிப்பா இல்ல.

1962 குராசாவ் கேண்டிடேட்ஸ்ல (உலக சாம்பியன்கூட மோதறது யாருன்னு முடிவு பண்ற போட்டி) பெட்ரோசியன், கெல்லர், கெரெஸ் மூணு பேரும் தங்களுக்குள்ள ஆடின 12 ஆட்டமும் டிரா, பெரும்பாலும் சின்னச் சின்ன ஆட்டம். பெட்ரோசியன் ஜெயிச்சாரு, மத்த ரெண்டு பேரும் அரைப் புள்ளி பின்னாடி. இது ஏற்பாடுன்னு பாபி ஃபிஷர் வெளிப்படையா குற்றம் சாட்டினாரு, அதுக்கப்புறம் கேண்டிடேட்ஸ் ஒருத்தருக்கு ஒருத்தர் மோதற நாக்அவுட் மேட்சா மாறிச்சு. அந்த மாதிரி டிராவுல போர்டு வெறும் சாட்சிதான்.

இன்னிக்கும் பெர்லின்லயே 14 மூவ்ல முடியற ஒரு டிரா இருக்கு, ராணி இ4ல செக், எதிர் ராணி இ6ல மறைப்பு, ராணி டி4, ராணி டி6, இதையே திருப்பித் திருப்பி ஆடி மூணு தடவை ஒரே நிலை வந்துடும். ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்ச மூவ், ஒருத்தரும் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. அதை நான் ஆட்டம்னே சொல்ல மாட்டேன். ரெண்டுக்கும் ஸ்கோர் ஷீட்ல அரை, அரைதான் இருக்கும். லண்டன் முதல் ஆட்டத்துல கடைசி மூவ் வரைக்கும் ஒருத்தர் ஒண்ணு கேட்கறாரு இன்னொருத்தர் பதில் சொல்றாரு. 24வது மூவ்ல பதில் தெரியலன்னா கறுப்பு தோத்துருக்கும்.

அதனால மூவ் எண்ணிக்கைய வெச்சு டிராவ தடுக்கற விதி பத்தி எனக்கு ரெண்டு மனசுதான். 2018 உலக சாம்பியன்ஷிப்ல 30 மூவுக்கு முன்னாடி டிரா பேசக்கூடாது, 2024ல 40. பேசி வெச்ச டிராவ குறைக்குதுன்னா நல்லதுதான். ஆனா ஒரே நிலை மூணு தடவை வந்தா அந்த எண்ணிக்கைக்கு முன்னாடியும் டிரா உண்டு, அதனால மேல சொன்ன 14 மூவ் வழி திறந்தேதான் இருக்கு, அடைபடறது என்னமோ 25 மூவ்ல உண்மையாவே சமமாகி நிக்கற ஆட்டம்தான்.

பிப்ரவரி 11

கிராம்னிக் அந்த லண்டன் மேட்ச்ல பெர்லின் நாலு தடவை ஆடினாரு, நாலும் டிரா. 2வது, 10வது ஆட்டத்துல வெள்ளையில ஜெயிச்சாரு. 15 ஆட்டம், எட்டரைக்கு ஆறரை, காஸ்பரோவுக்கு ஒரு வெற்றி கூட இல்ல. வெள்ளையில வரும்போதெல்லாம் காஸ்பரோவ் இந்த சுவர்ல மோத வேண்டியிருந்தது, அடுத்த ஆட்டம் மோதலாமா, வேற ஓபனிங் போகலாமான்னு ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இ4 போட்டா பெர்லின் வரும்னு 7வது ஆட்டத்துல சி4 போட்டாரு, அது 11 மூவ்லயே டிரா. பட்டம் கை மாறினதுக்கு அந்த ரெண்டு வெற்றிதான் காரணம்னு சொல்றது பாதிக் கதை, மீதிப் பாதி இந்த சத்தமில்லாத டிராக்கள்தான். முதல் ஆட்டத்துல அந்த 25 மூவ் தாங்கலன்னா மேட்சே வேற மாதிரி போயிருக்கும்.

பிப்ரவரி 13

ரெண்டு பெரிய ஆளுங்க ஆடினா டிரா தானா வரும்னு சொல்றவங்களுக்கு. 2024 சிங்கப்பூர், குகேஷ் – டிங் லிரென் உலக சாம்பியன்ஷிப், 14வது ஆட்டம். யானையும் ஒரே நிற பிஷப்பும் இருக்கற எண்ட்கேம், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஆனா டிரா. பார்த்துட்டு இருந்தவங்க டைபிரேக்க (மேட்ச் சமமா முடிஞ்சா ஆடற வேக ஆட்டங்கள்) பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. 55வது மூவ்ல டிங் யானைய எஃப்2ல வெச்சு மாத்திக்கலாம்னு நீட்டினாரு. யானை ரெண்டும் போச்சு, குகேஷ் பிஷப்ப டி5ல வெச்சாரு, டிங்கோட பிஷப் ஏ8 மூலையில மாட்டிட்டு இருந்ததால அதுவும் மாறித்தான் ஆகணும், மிச்சம் ராஜா சிப்பாய் எண்ட்கேம், ஒரு சிப்பாய் அதிகம், 58 மூவ்ல முடிஞ்சது. 18 வயசுல உலக சாம்பியன். எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல.

மேல பிப்ரவரி 5ல நான் எழுதினதோட இதை சேர்த்துப் படிங்க. எல்லா காயும் போனா யாருக்கு லாபம்ங்கற அதே கேள்விதான். கிராம்னிக் 17 மூவ் ஒரு காயையும் மாத்தாம விட்டாரு, டிங் 55வது மூவ்ல மாத்தினாரு. டிராவுக்கும் தோல்விக்கும் நடுவுல இருந்தது அந்த ஒரு மாத்தறதுதான்.

பிப்ரவரி 13, சேர்க்கை

2018 கார்ல்சன் – காருவானா உலக சாம்பியன்ஷிப் 6வது ஆட்டமும் இதே ரகம்தான், பெட்ரோவ் டிஃபென்ஸ்ங்கற ஓபனிங், 80 மூவ், டிரா. 68வது மூவ்ல பிஷப்ப எச்4ல வெச்சு அப்புறம் குதிரைய ஜி1 மூலைக்கு கொண்டு போயிருந்தா காருவானா ஜெயிச்சிருக்கலாம்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சது. மனுஷன் யாரும் குதிரைய அப்படி மூலையில கொண்டு போய் வைக்க மாட்டான். அதுக்காக அந்த டிராவ வாய்ப்ப கோட்டை விட்ட ஆட்டம்னு எழுதறது எனக்கு ஏத்துக்கவே முடியல. போர்டு முன்னாடி உக்காந்திருந்த ரெண்டு பேருக்கும் அது உடைக்க முடியாத கோட்டைதான், அது டிராதான்.

பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்டிருக்காரு, சரி, 25வது மூவுக்கு அப்புறம் வெள்ளை தொடர்ந்து ஆடியிருந்தா என்ன ஆடணும்னு. நல்ல கேள்வி. கடைசி நிலையில வெள்ளையோட இ3 குதிரைக்கு காவலே இல்ல, கறுப்பு குதிரை எஃப்5ல இருந்து அதை அடிக்குது, அதனால வெள்ளைக்கு இஷ்டத்துக்கு ஆட நேரம் கிடையாது. ஜி4 தள்ளினா எச்4 சிப்பாய் என்-பாசன்ட்ல வெட்டி எஃப்2 குதிரைய வேற அடிக்கும், அது வேலைக்கு ஆகாது. எஃப்2 குதிரைய இ4ல வெச்சா இ3 போயிடும். எனக்கு இயல்பா தெரியறது குதிரையால எஃப்5ல வெட்டறதுதான், பிஷப் திருப்பி வெட்டும், அடுத்து எஃப்1 யானை டி1. அங்க நான் எஃப்8 பிஷப்ப முதல் தடவையா நகர்த்தி இ7ல வைப்பேன், டி8க்கு இன்னொரு காவல். எச்5 யானை எச்6 வழியா வீட்டுக்கு வந்துடும். வெள்ளை எங்க உடைக்கும்னு எனக்குத் தெரியல, உடைக்க வழி இருக்குன்னு நினைக்கறவங்க 26வது மூவ்ல இருந்து போடுங்க, கறுப்பு நான் எடுத்துக்கறேன்.